சாப்பிட வேண்டிய இடங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பழைய டைரி ஒன்றில் ஒரு பக்கத்தைக் கிழித்து ஜாபிதா எழுத உட்கார்ந்தேன். சென்னையிலேயே இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்தும் நான் கால் வைக்காத ஹோட்டல்களின் ஜாபிதா.

முதலில் திருவல்லிக்கேணி ரத்னா கபே. 1948-லிருந்து நடக்கிறது. அங்கே இட்லிக்குச் சாம்பாரைத் தொட்டுக்கொள்வதில்லை. சாம்பாரில் இட்லியை முழுக்காட்டிவிடுவார்கள். அடுத்தது மயிலாப்பூர் ராயர் மெஸ். கெட்டிச் சட்னி வேண்டுமானால் காலையில் சீக்கிரமே போய்க் காத்திருக்க வேண்டும்.

"நீங்களாவது, சீக்கிரம் எழுந்திருக்கவாவது!" என்றாள் மனைவி. நியாயமான ஆட்சேபம்தான்.

மூன்றாவதாக என் கை தானாகவே 'உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்' என்று எழுதிவிட்டது.

"அதைத்தான் 2008-லேயே மூடியாயிற்றே!"

எனக்குத் தெரியாதா? முன்பு ஊரிலிருந்து வந்திருந்தபோது அப்பா ஒரு தரம் கேட்டார்: "அங்கே காரைவிட்டு இறங்காமலே சாப்பிடலாமாமே?" கார் இல்லாதவர்களுக்கு உள்ளே மேஜை நாற்காலி உண்டு. எனக்குத்தான் வீம்பு, சொந்தக் காரில் அழைத்துப் போக வேண்டுமாம். ஹோட்டல் போய், 2010-ல் அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது. அதற்கும் பிறகுதான் என் கார் வந்தது. அப்பாவைப் பூங்காவுக்கே அழைத்துப் போனேன். பூச்செடிகளையெல்லாம் விட்டுவிட்டு, "காரெல்லாம் எங்கேடா நிற்கும்?" என்றார். ஒரு மரத்தடியைக் காட்டினேன். குத்துமதிப்புதான்.

அப்பா இப்போது இல்லை. அந்த வரியை நான் அடிக்கவில்லை.

"கிளம்பு, திருவல்லிக்கேணிக்கு" என்றேன்.

"மணி 11. சமையல் ஆகிவிட்டதே!"

"ராத்திரிக்கு ஆகும்."