விடை சரி, வழி தவறு

உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, என் மாடுலர் சிந்தசைசருக்கு ஒரு வடிகட்டி வாங்க எண்ணினேன். விடுதி நண்பன் ஒருவன் தன்னிடமிருந்த இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கத் தந்தான். ஒன்று, ராபர்ட் மூக் 1969இல் காப்புரிமை பெற்ற ஏணி வகை. வெட்டும் எல்லைக்கு மேலுள்ள ஒலியை ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் குறைப்பது. மற்றது 12 டெசிபலே குறைப்பது.

"இரண்டாவதே இனிமை!" என்றேன் உடனே.

நண்பன் நகைத்தான். "அதை உரக்க வைத்துக் கேட்கிறாய். இரண்டையும் சமமாக்கிவிட்டுச் சொல்."

சமமாக்கினோம். என் தீர்ப்பு தடுமாறியது. ஏணியின் ஒலி தடித்து, இதமாக இருந்தது; மற்றது தெளிவாக ஒலித்தது. நாணத்தால் முகம் சிவந்தேன். காசை வீணாக்க இருந்தேனே!

பிறகு ஒத்ததிர்வைக் கூட்டினோம். ஏணியில் அடிநாதம் மெலிந்தது. திருப்பி அனுப்பப்படும் ஒலி, உள்ளே வரும் ஒலியைக் கழித்துவிடுவதே காரணம். மற்றதில் அடிநாதம் அப்படியே நின்றது. தம்பூராவைப் போன்ற ஆதார சுருதியே நான் நாடியது. ஆகவே முதலில் சொன்னதையே வாங்கினேன். முதலில் நினைத்த காரணத்திற்காக அன்று.

விடை சரியாக இருந்தும் வழி தவறானால், கணக்கில் முழு மதிப்பெண் உண்டோ, நண்பர்களே? உரத்த குரலை உண்மையென நம்பும் செவி நமக்கு வேண்டாம்.