புதுப்பேட்டை வழியாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஈ.சி.ஆரில் அக்கரை பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். கிளாஸ் கைக்கு வருவதற்குள் 'விர்ர்ர்ர்...' என்று ஒன்று போகும். சிவப்பா, ஆரஞ்சா என்று நம் கண் முடிவு செய்வதற்குள் அது உத்தண்டியைத் தாண்டியிருக்கும். டீ மாஸ்டர் மட்டும் தலையைத் தூக்காமல், "அது அடையாறு வண்டி ஸார். ஏழே காலுக்குத் திரும்பி வரும்" என்பார்.

அது போன திசையையே பார்த்துக்கொண்டு டீயை ஆறவிடுகிற இளைஞர்களில் பாதிப் பேர் திங்கட்கிழமை ஆபீஸ் போகிறவர்கள். அவர்கள் மொபைலைத் தடவினால் ஒரு விளம்பரம் கண்ணில் படும். புதிதில் 60 லட்சத்துக்கு விற்ற ரெண்டு ஸீட் ஜெர்மன் கார், பத்து வயசாகி, 18 லட்சத்துக்கு! 'அட, புது ஃபேமிலி கார் விலைதானே!' என்று மனசு துள்ளும்.

துள்ளட்டும், தப்பில்லை. ஆனால் ஒன்றை மட்டும் காதில் போட்டுக்கொண்டு துள்ளட்டும். விலை இறங்கியது காருக்குத்தான். அந்தச் சேதி அதன் பார்ட்ஸுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை! 18 லட்ச ரூபாய் காரில் பிரேக் போனால், 60 லட்ச ரூபாய் காரின் பிரேக்தான் வாங்க வேண்டும்.

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஒரு நண்பர். வயசு 29. அவருக்கும் இந்த ஜுரம். ஏழு வருஷச் சேமிப்பு, சீட்டு எடுத்த பணம், கொஞ்சம் பாங்க் லோன் எல்லாம் சேர்த்து 20 லட்சம். இதில் ஒரு பங்கு, ஊரில் அம்மா 'மாடி எடுக்கணும்டா' என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் பணம். "சனிக்கிழமை வண்டி பாக்கப் போறேன், கூட வாங்க ஸார்" என்றார்.

"வரேன். ஆனா வண்டிய மட்டும் கடைசியாப் பாக்கலாம்" என்றேன்.

சென்னையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க மூன்று ஸ்தலங்களைத் தரிசிக்க வேண்டும். கார் பிரிகிற இடம், கார் ஓடுகிற இடம், கார் நிற்கிற இடம். எல்லோரும் மூன்றாவதற்கு முதலில் ஓடி, பளபளப்பில் மயங்கி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார்கள். மற்ற ரெண்டையும் அப்புறம் பார்க்கிறார்கள், வேறு வழியில்லாமல்!

முதல் ஸ்தலம், புதுப்பேட்டை. எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். பக்கத்தில் கூவம். கறிக்கடையில் தொங்குவதுபோலக் கதவுகள் தொங்குகின்றன. பம்பர் ஒரு கடை, பானெட் ஒரு கடை, ஸைலன்ஸருக்கு ஒரு சந்து. தரையெல்லாம் ஆயில் குடித்துக் கறுத்திருக்கிறது. ஒரு காருக்குள் எத்தனை சாமான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஊரில் கிடையாது.

இருபது ஹெட்லைட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பாயிடம் நண்பர் மாடலைச் சொன்னார். பாய் சிரித்தார்.

"தம்பி, ஸ்விஃப்ட்டுன்னு சொல்லு. கதவா, கண்ணாடியா, அஞ்சு நிமிசத்துல எடுத்துத் தரேன். நீ சொல்ற வண்டி நம்ம தெருவுக்கு வராது. வந்தா அடிபட்டுத்தான் வரும். அதுல எது நல்லது, எது போனதுன்னு எனக்கே தெரியாது. இங்க கெடைக்காத சாமான் ஜெர்மனிலேருந்து வரணும். அது வர்ற வரைக்கும் உன் வண்டி தூங்கும். உன் லோன் தூங்குமா?"

அக்கவுண்ட்ஸ்காரருக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்தது. பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து ஒரு பேப்பரில் ஐந்தே ஐந்து சாமான் எழுதினோம். பிரேக் டிஸ்க்கும் பேடும், கிளட்ச், நாலு ஷாக் அப்ஸார்பர், ஒரு ஹெட்லைட், நாலு டயர். ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு கடைகளிலும், வெளிநாட்டு வண்டி பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பிலும் விலை விசாரித்தோம். கூட்டினால் நாலு லட்சத்தைத் தாண்டியது. நண்பர் பேப்பரைத் திருப்பி வைத்துக் கூட்டிப் பார்த்தார். அப்போதும் நாலுதான்!

இந்த ஐந்தும் பத்து வயசுக் காரில் எப்படியும் தேய்கிற சாமான்கள். எல்லாம் ஒரே வருஷத்தில் போகும் என்று சொல்ல முடியாது. ஒன்றுகூடப் போகாது என்று நம்புவதுதான் ஆபத்து. அதனால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையில் நாலு ரூபாய் இருந்தால் காருக்கு மூன்று, காரின் பசிக்கு ஒன்று. பாய் இன்னொன்றும் சொன்னார். கதவு, கண்ணாடி, டிக்கி மூடி இதெல்லாம் பழசு வாங்கலாம். பிரேக்கும் ஏர் பேகும் பழசு வாங்கவே கூடாது. பழசு விற்கிறவரே சொல்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஸ்தலம், பெங்களூர் ஹைவேயில் இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிற அதே ஊர். ஒரு பக்கம் குடும்பஸ்தர்களுக்கான கார் பிறக்கிறது. இன்னொரு பக்கம் ரேஸ் டிராக்கில் வேறு ஜாதிக் கார்கள் கத்துகின்றன.

அப்பாக்களைக் கேட்டால் சோழவரம் என்பார்கள். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ரேஸ் நடத்தியது. வீட்டில் கல்யாணத்துக்குப் போகிற ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே போனால் மூக்கில் புகைவிட்டுக்கொண்டு பறக்கும். கிளப் 1990-ல் சொந்தமாக இங்கே டிராக் போட்டது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் தெருவிலேயே ரேஸ் நடந்தது ஞாபகம் இருக்கும். அந்தக் கூட்டத்தில் பாதிக்குத் தாய்வீடு இதுதான்.

எதற்கு இங்கே? வேகமான வண்டியைத் தினமும் பிரித்து மாட்டுகிற மெக்கானிக்குகளின் பழக்கம் இங்கேதான் கிடைக்கும். அப்படி ஒருவர் டயர்மேல் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

"ஸ்பீடு போற வண்டிய யாரும் மெதுவா ஓட்டியிருக்க மாட்டாங்க ஸார், அத மொதல்ல ஒத்துக்குங்க. ஓட்டுனது தப்பில்ல. ஓட்டுனதுக்கு அப்பறம் கவனிச்சாங்களான்னு பாருங்க. பிரேக் டிஸ்க் நீலம் பாரிச்சிருந்தா நல்லா வெந்திருக்கு. டயர் ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா அலைன்மென்ட் போயிருக்கு, இல்ல அடி வாங்கியிருக்கு. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும். 3419-னா 2019-ல 34-வது வாரம் செஞ்சது. மேல பட்டன் நல்லா இருந்தாலும் வயசானது வயசானதுதான்."

கம்ப்யூட்டரில் கைவைத்து வேகத்தை ஏற்றிய வண்டி என்றால் ஜாக்கிரதை என்றார். கியர்பாக்ஸும் கிளட்சும் தாங்காது. கிளெய்ம் என்று போனால் இன்ஷூரன்ஸ்காரர் முகம் மாறும். இரைச்சல் ஸைலன்ஸருக்கும் அகல டயருக்கும் இதே கதைதான். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டே 2019-ல் சொல்லிவிட்டது.

5,000 ரூபாய் பேசி அந்த மெக்கானிக்கையே ஸ்கேனருடன் கூட்டிக்கொண்டோம். 18 லட்ச ரூபாய் வியாபாரத்தில் இதைவிட மலிவான செலவு கிடையாது.

மூன்றாவது ஸ்தலம், தென் சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. கார் நின்றது பாருங்கள்... நீலக் கலர், இரண்டே கதவு, தரையை முத்தமிடுகிற உயரம். நண்பர் கண்ணில் நீர் கோத்துவிட்டது. மெக்கானிக் காரைப் பார்க்கவில்லை. நேரே போய் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா இருக்கே? வண்டி எடுத்தீங்களா?"

"சும்மா... கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்றார் ஓனர்.

பார்க்க வருகிறவர்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைப்பது பழைய வித்தை. என்ஜினின் குணம் குளிர்ந்திருக்கும்போது முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக வந்து நிற்கவே இல்லை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் மோர் திரிந்த மாதிரி ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர். ஸ்கேனர் போட்டால், எச்சரிக்கை விளக்கை முந்தின நாள் அழித்திருந்தாலும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். சேஸிஸ் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கூரை திறக்கிற வண்டியென்றால் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஓனர் முறைத்தால் முறைக்கட்டும்.

மெக்கானிக் குனிந்திருந்த நேரத்தில் நான் கேட் பக்கம் போனேன். நம் ஊரில் வரன் பார்த்தால் எதிர்வீடு, பலசரக்குக் கடை என்று விசாரிக்கிறோமா இல்லையா? காருக்கு வாட்ச்மேன்!

"அந்த நீல வண்டியா? நல்ல வண்டி ஸார்" என்றார் பெரியவர். "தொடச்சித் தொடச்சி வெப்பாரு. அந்தப் புயல் வந்துச்சு பாருங்க, பேஸ்மென்ட் பூரா தண்ணி. பாவம், அத க்ரேன் வெச்சுத்தான் தூக்குனாங்க."

2023 டிசம்பர், மிக்ஜாம்! அதற்கு முன்னால் 2015 டிசம்பர். சென்னையில் பழைய கார் பார்க்கிற யாரும் இந்த இரண்டு மாதங்களை மறக்கக் கூடாது. தாழ்வான ஸ்போர்ட்ஸ் காருக்கு முழங்கால் தண்ணீரே கழுத்துத் தண்ணீர். ஸீட்டுக்கு அடியிலும் கார்பெட்டுக்கு அடியிலும் ஓடுகிற வயர்களும் கம்ப்யூட்டர்களும் நனைந்தால் உடனே சாகாது. மெதுவாகப் பச்சை பிடித்து, மாசத்துக்கு ஒன்றாக உயிரை விடும்.

திரும்பி வந்து மெக்கானிக் காதில் சொன்னேன். அவர் ஸீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். அடிப்பகுதியில் பழுப்பாக ஒரு கோடு. ஸீட் போல்ட்டுகளில் துரு. டிக்கி கார்பெட்டைத் தூக்கினால் மூலையில் காய்ந்த வண்டல். ஓனர் வாயைத் திறப்பதற்குள், "வரோம் ஸார்" என்று நண்பரே கும்பிட்டுவிட்டார். முகம் வாடியிருந்தாலும் கால் உறுதியாக வெளியே நடந்தது.

அடுத்து பார்த்தது பி.ஒய். நம்பர் வண்டி. பாண்டிச்சேரி ரிஜிஸ்ட்ரேஷன், அதனால் விலை குறைவு. வெளி மாநில வண்டியை இங்கே 12 மாசத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டு நம்பர் வாங்கி வரியும் கட்ட வேண்டும். 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவிகிதம். பழைய வண்டிக்கு வயசுக்குத் தகுந்த கழிவு உண்டு. எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு, அதை விலையோடு கூட்டிப் பார்த்தால் சல்லிசு காணாமல் போகும்.

பேப்பர் விஷயத்தில் வெட்கப்படாதீர்கள். ஃபாரம் 29, ஃபாரம் 30-ல் கையெழுத்து. லோன் இருந்தால் ஃபாரம் 35-ம் பாங்க் கொடுக்கும் தடையில்லாச் சான்றும். பழைய அபராதச் சலான் பாக்கி உண்டா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனுப் போடுங்கள். பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தையும் படியுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்தது. பழைய இறக்குமதி வண்டிகள் பல இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

கடைசிப் பரீட்சை, ஸ்பீடு பிரேக்கர். விதிப்படி அதன் உயரம் 10 சென்டிமீட்டர். நம் தெருக்காரர்கள் விதியைப் படித்துவிட்டு சிமென்ட் கொட்டுவதில்லை! பல ஸ்போர்ட்ஸ் கார்களின் வயிறு தரையிலிருந்து 12, 13 சென்டிமீட்டர்தான். டெஸ்ட் டிரைவ் என்றால் ஈ.சி.ஆருக்கு ஓட வேண்டாம். உங்கள் வீட்டுத் தெருவுக்கு, உங்கள் அபார்ட்மென்ட் சரிவில், உங்கள் பார்க்கிங்குக்குக் கொண்டுவாருங்கள். அங்கே இடித்தால் தினமும் இடிக்கும்.

நண்பர் கதை என்ன ஆச்சு என்கிறீர்களா? இரண்டு மாசம், ஏழு வண்டி பார்த்தார். எட்டாவதாக ஒரு ரிட்டயர்டு என்ஜினீயரிடம், நாலு ஸீட், சின்ன உடம்பு, பெரிய மனசு உள்ள ஒரு டர்போ வண்டி. 11 லட்சம். கூடவே ஒரு ஃபைல், முதல் சர்வீஸிலிருந்து கடைசி வைப்பர் பிளேடுவரை எல்லா பில்லும் தேதி வாரியாக. "காரைவிட ஃபைலைப் பார்த்துத்தான் ஸார் விழுந்தேன்" என்கிறார் அக்கவுண்ட்ஸ்காரர். மூன்று லட்சத்தைக் காரின் பெயரில் தனியாகப் போட்டு வைத்திருக்கிறார். லோன் வாங்கவில்லை. மிச்சத்தை ஊருக்கு அனுப்பிவிட்டார். அங்கே மாடிக்குச் சென்ட்ரிங் அடித்தாகிவிட்டது.

பாயிடம் புது வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினாராம். பாய் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இதுக்குச் சாமான் கெடைக்கும் தம்பி. ஆனா நீ இந்தப் பக்கம் அடிக்கடி வராம இருக்கணும்!"