சமவெளியில் ஒரு ஜமாஅத்

பூமியில் பயணம் செய்து, முன்னே வாழ்ந்து மறைந்தோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்குமாறு திருமறை நம்மைப் பல இடங்களில் பணிக்கின்றது. ஆயினும் மாளிகையும் மினாராவும் நிற்கும் ஊர்களைத் தேடிச் செல்வதே நம்மவர் வழக்கம். குர்துபாவையும் இஸ்தான்பூலையும் கண்டு வந்து எழுதியோர் பலர். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று அமெரிக்க மக்களே கைவிரிக்கும் வடபுலச் சமவெளிக்கு, ஒரு கோடையில், துணை எவருமின்றி நாம் காரோட்டிச் சென்றோம். அந்த ஒன்றுமில்லாத இடத்தில் நமக்கென ஒரு பாடம் காத்திருந்தது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

மினியாபொலிஸ் நகரில் ஜும்ஆவை நிறைவேற்றிவிட்டுப் புறப்பட்டோம். சோமாலிய நாட்டுச் சகோதரர்கள் பெருந்தொகையாக வாழும் நகரம் அது. ஸஃப்புகள் நிறைந்து, வராந்தாவிலும் மக்கள் நின்றனர். இறுதியில் கைகொடுத்து ஸலாம் உரைத்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்தக் கைகளின் சூடு ஆறுமுன்பே நகரம் பின்னே மறைந்து, வயல்கள் தொடங்கிவிட்டன.

நாம் செல்லவிருந்த ராஸ் என்னும் சிற்றூர், வடக்கு டகோட்டா மாநிலத்தின் வடமேற்கில், ஏறத்தாழ 600 மைல் தொலைவில் இருந்தது. ஃபார்கோ நகரில் செந்நதியைக் கடந்தோம். வடக்கு நோக்கி ஓடும் ஆறு அது. அதன் இருமருங்கும் நிலம் பலகைபோல் மட்டமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பனியூழியின் முடிவில், உருகிய பனிப்பாறைகளின் நீர் அங்கே ஒரு மாபெரும் ஏரியாகத் தேங்கி நின்றது. நாம் ஓட்டிச் சென்றது அந்த ஏரியின் அடித்தரைமீதுதான். கிராண்ட் ஃபோர்க்ஸில் இரவு தங்கி, மறுநாள் இரண்டாம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினோம். கோதுமையின் பச்சை, கனோலாப் பூவின் மஞ்சள், ஆளிச் செடிப் பூவின் நீலம் என்று வயல்கள் மாறி மாறி வந்தன. இடையிடையே வாத்துகள் நீந்தும் சிறு குளங்கள். இருபது மைலுக்கு ஒருமுறை, இருப்புப் பாதையோரம் ஒரு தானியக் கிடங்கு கோபுரம்போல் எழுந்து, ஓர் ஊர் வருவதை அறிவிக்கும். ரக்பி என்னும் ஊரில், வட அமெரிக்கக் கண்டத்தின் நடுமையம் இதுவே என்று கல் அடுக்கி வைத்திருக்கின்றனர். கடலை நம்பி வணிகம் செய்தோரின் வழிவந்த நமக்கு, எத்திசையிலும் கடல் இல்லாத அந்த இடத்தில் நின்றபோது நெஞ்சம் சற்றே தடுமாறியது.

உணவுக்குக் குறையில்லை. முட்டை, ரொட்டி, ஏரி மீன் எங்கும் கிடைத்தன; நம் பையில் பேரீச்சம்பழமும் இருந்தது. பெட்ரோல் நிலையங்களில் ஒளுச் செய்துகொண்டோம். கிப்லாதான் புதுமை. நம் ஊரில் மேற்கு நோக்கித் தொழுது பழகிய நாம், அங்கே வடகிழக்கு நோக்கி, அதிலும் வடக்கையே பெரிதும் ஒட்டி, நிற்க வேண்டியிருந்தது. ராஸுக்கு அருகிலுள்ள ஸ்டான்லியில் தங்கிய இரவில் சூரியன் மறைந்தபோது மணி ஏறத்தாழ 9.45. அடிவானத்து ஒளி முற்றும் அகல நள்ளிரவு 12.30 கடந்துவிட்டது. முஸாபிருக்கு மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ ஷாஃபிஈ மத்ஹபு அளிக்கும் சலுகையின் அருமையை அன்று உணர்ந்தோம். முஸாபிராக அல்லாமல், குடியானவராக அங்கேயே வாழ்ந்தவர்களுக்கோ அந்தச் சலுகை இல்லை.

யார் அவர்கள்? 19ஆம் நூற்றாண்டின் முடிவிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், அன்று உதுமானியப் பேரரசின் சிரியாவைச் சேர்ந்திருந்த, இன்று லெபனானில் உள்ள பிக்கா பள்ளத்தாக்கின் சிற்றூர்களிலிருந்து வந்த அரபு முஸ்லிம்கள். தொடக்கத்தில் முதுகில் துணிமூட்டையும் ஊசிநூலும் சுமந்து, பண்ணை பண்ணையாக நடந்து விற்றனர். பர்மாவிலும் மலாயாவிலும் நம் பாட்டனார்கள் செய்த வணிகத்துக்கு அது தூரத்து உறவு. பிறகு அவர்களை மண் ஈர்த்தது. 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி, 160 ஏக்கர் நிலத்தைப் பதிவு செய்து, அதிலேயே வீடு கட்டிக் குடியிருந்து, ஐந்தாண்டு உழுது பயிரிட்டால் நிலம் சொந்தமாகும். 1912ஆம் ஆண்டில் அக்காலம் மூன்றாண்டாகக் குறைக்கப்பட்டது. ஊரில் காணி நிலமும் இல்லாதவர்கள் 160 ஏக்கருக்கு உடைமையாளர் ஆயினர்.

அவர்கள் நோற்ற நோன்பை எண்ணிப் பார்த்தோம். 1917ஆம் ஆண்டில் ரமளான் முதற்பிறை, ஆண்டின் மிக நீண்ட பகலுடைய ஜூன் 21ஐ ஒட்டி வந்தது. அந்த அட்சரேகையில் வைகறை முதல் அந்தி வரை 19 மணி நேரத்துக்கும் மேல். ஏரும் குதிரையுமாக வயலில் நின்றுகொண்டு அந்த நோன்பை நோற்றவர்களின் ஈமானுக்கு முன், குளிரூட்டிய அறையில் நோன்பு நோற்கும் நாம் எம்மாத்திரம்!

ஆண்டுகள் பல வீடுகளிலேயே கூடித் தொழுதவர்கள், 1929ஆம் ஆண்டில் ராஸ் ஊருக்கு அருகே ஒரு பள்ளிவாசல் எழுப்பினர். பாதி நிலத்துக்குள் இறங்கிய எளிய கட்டடம். அமெரிக்காவில் பள்ளிவாசல் என்றே கட்டப்பட்ட முதற்கட்டடங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் எழுந்த வேளை கொடிது. கோதுமை விலை சரிந்தது. அடுத்த பத்தாண்டு வறட்சியும் புழுதிப் புயலும் சமவெளியைச் சூறையாடின. குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. அரபுப் பெயர்கள் அண்டைவீட்டார் நாவுக்கு எளியனவாக மாறின. பிள்ளைகள் ஆங்கிலம் மட்டுமே பேசினர். அண்டையிலிருந்த கிறிஸ்தவக் குடும்பங்களில் மணம் செய்துகொண்டனர். தொழ ஆளில்லாத பள்ளி பாழடைந்தது. 1979ஆம் ஆண்டில் அது இடிக்கப்பட்டது.

ஸ்டான்லியின் ஒரு சிற்றுண்டிச் சாலையில் காலையில் வழி கேட்டோம். எண்பதைக் கடந்த ஒரு விவசாயி, "சிரியர்களின் கல்லறைத் தோட்டமா? என் தந்தையார் அவர்களோடு சேர்ந்து கதிரடித்தவர். அவர்கள் பன்றி இறைச்சி உண்ணமாட்டார்கள் என்பதால், கதிரடிக்கும் நாளில் என் தாயார் கோழி சமைப்பாராம்" என்றார். பிறகு சற்று நிறுத்தி, "நல்ல மனிதர்கள். ஆனால் ஒவ்வொரு வீடும் வெகுதூரம்" என்று முடித்தார். அந்தக் கடைசிச் சொல் நம்முடனேயே காரில் ஏறிக்கொண்டது.

ராஸில் இன்று ஏறத்தாழ நூறு பேர் வாழ்கின்றனர். ஊருக்கு வெளியே புல்வெளி நடுவில், பிறையும் விண்மீனும் தாங்கிய இரும்பு வளைவு நிற்கிறது. உள்ளே கப்ருகள். அவற்றின் அருகே, அக்குடும்பங்களின் வழித்தோன்றல்களும் நண்பர்களும் 2005ஆம் ஆண்டில் கட்டிய சிறு பள்ளி, ஒரு குப்பாவும் நான்கு சிறு மினாராக்களுமாக நிற்கின்றது. கப்ருவாசிகளுக்கு ஸலாம் உரைத்து, துஆச் செய்து, உள்ளே சென்று லுஹரை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதோம். இகாமத் சொன்னதும் நாம், இமாமும் நாம், பின்னிற்கவோ ஒருவருமில்லை. கூட்டுத் தொழுகைக்கு 27 மடங்கு நன்மை என்பதை இளமை முதல் கேட்டு வந்திருக்கிறோம். இரண்டு நாள் முன்பு நெருக்கியடித்து நின்ற ஸஃப்பை எண்ணியபோது, அந்த எண்ணிக்கை வெறும் கணக்கன்று என்பது விளங்கியது.

இந்த ஜமாஅத் ஏன் மறைந்தது? ஈமான் குறைந்ததாலா? 19 மணி நேரப் பகலில் நோன்பு நோற்றவர்களை அப்படிச் சொல்ல நமக்கு நாக்கூசுகின்றது. விடை, அந்த 160 ஏக்கரில் இருக்கிறது. 160 ஏக்கர் என்பது அரை மைல் நீளமும் அரை மைல் அகலமும் கொண்ட சதுரம். அவரவர் நிலத்தில் அவரவர் குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே அடுத்த வீடே அரை மைல். அடுத்த முஸ்லிம் வீடு பல மைல். குளிர்காலத்தில் அந்தத் தொலைவைப் பனி மூடிவிடும். பாங்கு எட்டும் தொலைவில் எவருமில்லை. பிள்ளைகள் ஓதப் போக ஒரு தெருவில்லை. மாமன் மகளும் அத்தை மகனும் நாள்தோறும் எதிர்ப்படும் முற்றமில்லை. நிலம் அவர்களுக்குச் செல்வம் கொடுத்தது, அண்மையை எடுத்துக்கொண்டது. இதே அரபு மக்கள் அயோவா மாநிலத்தின் சீடார் ரேப்பிட்ஸ் நகரில் அண்டை அண்டையாக வாழ்ந்து, 1934ஆம் ஆண்டில் ஒரு பள்ளி கட்டினர். இடையில் கைமாறிய அக்கட்டடம் மீட்கப்பட்டு, இன்றும் பள்ளியாகவே நிற்கின்றது.

ராஸிலிருந்து தெற்கே சென்றபோது இதே பாடம் வேறொரு மக்களின் வாழ்விலும் எழுதப்பட்டிருக்கக் கண்டோம். மாண்டன், ஹிடாட்சா, அரிக்காரா என்னும் மூன்று பூர்வகுடிகளின் நிலம் அது. குடியேறியோருக்கு வழங்கப்பட்ட பண்ணைகளெல்லாம் பூர்வகுடிகளின் கையிலிருந்து போன நிலம் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. எஞ்சிய ஒதுக்கீட்டு நிலத்தில், மிசௌரி ஆற்றங்கரை ஊர்களில் அம்மக்கள் அடுத்தடுத்து வாழ்ந்து வந்தனர். அரசு, காரிஸன் அணைக்காக 1,50,000 ஏக்கருக்கும் மேல் எடுத்துக்கொண்டது. 1948ஆம் ஆண்டில் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது, குடிகளின் தலைவர் ஜார்ஜ் ஜில்லெட் முகத்தை மூடிக்கொண்டு அழும் புகைப்படம் புகழ்பெற்றது. 1953ஆம் ஆண்டில் அணை நீரைத் தேக்கியது. எல்போவுட்ஸ் என்னும் ஊர் மூழ்கியது. பெரும்பாலான குடும்பங்கள் மேட்டு நிலத்தில் சிதறின. நீர் அவர்கள் நிலத்தைப் பல துண்டுகளாக்கியது. பாலத்தின்மீது நின்று அந்த அகன்ற நீலநீரைப் பார்த்தோம். அழகிய ஏரிதான். ஆனால் அதன் அடியில் கிடப்பது ஒரு மக்களின் அண்டைவீடு.

ஒருவர் தாமே விரும்பிச் சிதறினர், மற்றவர் சிதறடிக்கப்பட்டனர். இரண்டும் ஒன்றல்ல, பின்னது அநீதி. ஆனால் இருவரும் இழந்த பொருள் ஒன்றே. மொழியும் மார்க்கமும் நூல்களில் மட்டும் வாழ்வதில்லை. அவை வீட்டுக்கு வீடு நடந்து போகும் தூரத்தில் வாழ்கின்றன.

இன்று நம் பிள்ளைகள் அயல்நாடுகளில் நல்ல ஊதியம் பெறுகின்றனர். வீடு வாங்கும்போது அறைகளை எண்ணுகின்றனர், தோட்டத்தை அளக்கின்றனர். பள்ளிவாசல் எத்தனை மைல் என்று கேட்போர் சிலரே. அயல்நாடு மட்டுமன்று, பள்ளியைச் சுற்றிய பழைய தெருக்களை விட்டு, நகரின் ஓரத்தில் மனை வாங்கிக் குடியேறும் நம் குடும்பங்களும் சிந்திக்க வேண்டும். வசதியான வீட்டை நாம் குறை கூறவில்லை. அந்த வீட்டிலிருந்து, பத்து வயதுப் பிள்ளை துணையின்றி நடந்துபோய்ச் ஸஃப்பில் நிற்க முடியுமா என்று மட்டும் கேட்கிறோம். முடியாதென்றால், அந்தத் தூரத்தைக் குறைக்கும் கடமை பெற்றோருடையது. வாரம் ஒருமுறையேனும் வீடுகள் கூடட்டும். பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்டு உறங்கி வளரட்டும். எண்பது ஆண்டு கழித்து யாரோ ஒரு முஸாபிர் நம் கப்ரைத் தேடி வந்து ஸலாம் சொல்வது நற்பேறுதான். நம் பேரன் பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்து சொல்வது அதனினும் பெரும் பேறு. வல்ல அல்லாஹ் அதனை நம் சந்ததிக்கு அருள்வானாக.