சற்றுத் தள்ளி ஓர் அறை

நவீனத்துவ வீடு ஒன்றில் புதிதாக ஓர் அறை சேர்ப்பது, வேலைப்பாடு மிகுந்த பழைய மாளிகையில் சேர்ப்பதைவிடக் கடினம். மாளிகையில் தூணும் விதானமும் சிறு பிழையை மறைத்துவிடும். இங்கே மறைக்க எதுவுமில்லை. கூரையின் மெல்லிய விளிம்பும் சுவர்களுக்கு நடுவே விட்ட வெளியும்தான் வீடு. கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் எட்கர் காஃப்மனுக்காக ரிச்சர்ட் நியூட்ரா 1946-இல் கட்டிய பாலைவன வீட்டைப் பாருங்கள். நடுக்கூடத்திலிருந்து நான்கு பக்கமும் காற்றாடி இறகுகளாக நீளும் வீடு. பரப்பு சுமார் 3,200 சதுர அடி. பின்னால் வந்தவர்கள் முற்றம் ஒன்றை அடைத்தார்கள், சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கினார்கள், கூரைமேல் ஏசி இயந்திரங்களை ஏற்றினார்கள். ஒவ்வொன்றும் நியாயமான தேவைதான். ஆனால் இறகுகளுக்கு நடுவே இருந்த வெளி அடைபட அடைபட, காற்றாடி காணாமல் போனது. அந்த வெளியை யாரும் கட்டாமல் விட்ட மிச்ச இடமாக நினைத்ததுதான் பிழை.

1990-களில் மார்மோல் ராட்சினர் நிறுவனம் அந்தச் சேர்க்கைகளை அகற்றியது. கல் பொருந்த வேண்டும் என்பதற்காக யூட்டாவில் பழைய குவாரியைத் திறந்து கல் வெட்டினார்கள். அத்தனை கவனமாக இருந்தவர்கள் புதிதாகவும் ஒன்று கட்டினார்கள்: நீச்சல் குளத்தருகே, வீட்டைத் தொடாமல், வீட்டைப் பார்த்தபடி ஒரு மண்டபம். இதே காஃப்மனுக்கு பென்சில்வேனியாவில் அருவிமேல் ஃபாலிங்வாட்டரைக் கட்டிய பிராங்க் லாய்ட் ரைட்டும், 1939-இல் விருந்தினர் இல்லத்தை மேட்டில் தனியே வைத்தார். படிப்படியாக இறங்கும் வளைந்த கான்கிரீட் கூரை இரண்டையும் இணைக்கிறது. கல் அதே கல். அருவிமேல் பாயும் மாடங்களின் வீச்சை மட்டும் அவர் அங்கே முயலவில்லை.

படைத்தவரே செய்தார், மற்றவருக்கு அந்த உரிமை ஏது என்று கேட்கலாம். பாலைவன மண்டபம் எழுந்தபோது நியூட்ரா இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. உரிமையைத் தந்தது அடக்கம். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் புதிய வேலையில் அதன் காலத்தின் முத்திரை தெரிய வேண்டும் என்கிறதே என்பார்கள். சாசனம் சொல்வது சரி. ஆனால் அதைக் காரணம் காட்டிக் கண்ணைப் பறிக்கும் சேர்க்கைகளைக் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எது பழையது, எது புதியது என்பதை நடுவில் விட்ட இடைவெளியே காட்டிவிடும். எல்லோருக்கும் அவ்வளவு நிலம் இருக்காது என்பதே வலுவான மறுப்பு. பாலைவன வீட்டைச் சுற்றிப் பக்கத்து மனைகளையே வாங்கினார்கள். சிறிய மனையில் பின்பக்கமாக, பழைய கூரைக்குக் கீழே தாழ்ந்து, ஒரு கதவகலக் கண்ணாடி நடையால் இணைத்தால் பழைய விளிம்பு முடியும் இடம் தெரியும். அதற்கும் வழியில்லை என்றால், இந்த அறை வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியவர் கட்டடக் கலைஞர்தான்.