காசுக்கும் பரீட்சை

காசுகளுக்கும் பரீட்சை உண்டென்பது, பழைய நாணயம் சேகரிக்கும் மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அமெரிக்கரான ஷெல்டன் 1949இல் வகுத்த அளவுகோல். புள்ளிகள் 1 முதல் 70 வரை. கட்டணம் செலுத்தி அங்குள்ள நிறுவனங்களுக்கு அனுப்பினால், புள்ளியிட்டுப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். புள்ளி போதாதென்று உறையை உடைத்து மீண்டும் அனுப்புவோரும் உண்டாம். பெறுபேறு வந்ததும் மீள்பரிசீலனைக்கு ஓடும் நம்மைப் போலத்தான்!

தேய்த்துத் துலக்கிய காசுக்கோ பெரும்பாலும் புள்ளியே கிடைக்காது. துலக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டுந்தான்.

உம்மும்மாவிடம் 1870ஆம் ஆண்டின் ஐந்து சதச் செப்புக்காசு ஒன்று இருக்கிறது. அவரது உம்மா கொடுத்தது. பெருநாள்தோறும் புளி போட்டுத் துலக்குவார். மாமா வேண்டாமென்று கெஞ்சிப் பார்த்தார்.

“ஊத்தையோட வெச்சாத்தான் பெறுமதியா மகன்?”

விக்டோரியா அரசியின் மூக்கு ஏற்கனவே பாதி தேய்ந்துவிட்டது.