ஒற்றைப் புள்ளியில் அகரம்

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத்தளத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது. அங்கே வாசித்துக்கொண்டிருந்த தமிழாசிரியர் ஒருவர் என் விரலைப் பிடித்து ஒற்றைப் புள்ளியின்மேல் வைத்தார். "இதுதான் சார், அ." ஆங்கில 'ஏ'க்கும் அதே புள்ளிதானாம். 'கே'யும் 'க'வும்கூட ஒன்றே. தமிழுக்கு இப்படி வகுத்தவர்கள் யார் என்று தேடத் தொடங்கினேன்.

லூயி பிரெய்லின் கதை பலரும் அறிந்தது. பாரிஸ் பள்ளியில் படித்தபோது, சார்ல்ஸ் பார்பியே உருவாக்கிய பன்னிரண்டு புள்ளி முறையை ஆறாகச் சுருக்கினார். 1829இல் நூலாக வெளியிட்டார். விரல்நுனிக்குள் ஓர் எழுத்து முழுதாக அடங்கியது. ஆறு புள்ளிகளில் 63 வடிவங்கள். தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியை 1890இலேயே தொடங்கிவிட்டார். ஆனால் இந்தியாவில் அப்போது வட்டாரத்துக்கொரு பிரெய்ல். ஓரிடத்தில் அச்சான புத்தகம் இன்னோரிடத்தில் பயன்படாது.

விடை, யுனெஸ்கோ 1953இல் வெளியிட்ட உலக பிரெய்ல் பயன்பாடு குறித்த நூலில் இருந்தது. 1949இல் இந்திய அரசு யுனெஸ்கோவின் உதவியைக் கேட்டிருக்கிறது. 1950இல் பாரிஸிலும் 1951இல் பெய்ரூட்டிலும் கூடிப் பேசினார்கள். அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் நியூசிலாந்துக்காரரான கிளூத்தா மெக்கன்சி. முதல் உலகப்போரில், கலிப்போலியில் பார்வையை இழந்தவர். ஒத்த ஒலிக்கு, முடிந்தவரை எல்லா மொழியிலும் ஒரே குறி என்பது அவர்கள் கண்ட வழி. அதனால்தான் நம் அகரமும் இந்தி அகரமும் அரபு அலிஃபும் அதே ஒற்றைப் புள்ளி. 1951இல் இந்த முறை இந்திய மொழிகளுக்குப் பாரதி பிரெய்லாக ஏற்கப்பட்டது.

இதை ஆசிரியரிடம் தொலைபேசியில் சொன்னபோது, "கொடின்னு எழுதிப் பாருங்க" என்றார். அச்சில் 'கொ'வுக்குக் கொம்பு முன்னால், கால் பின்னால். பிரெய்லில் க, ஒ, ட, இ என்று வரிசையாக நான்கு குறிகள்; காது கேட்கும் வரிசையிலேயே விரலும் படிக்கிறது. எனக்கு இது அச்செழுத்தைவிடத் தெளிவாகப் படுகிறது.

ஒலிநூல்கள் பெருகிவிட்டனவே என்று கேட்டேன். "ரகரமா றகரமான்னு காது சொல்லாது சார். விரல்தான் சொல்லும்" என்றார். எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வேண்டிய மாணவருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை.

கையடக்கமான நாவலும் பிரெய்லில் பல தொகுதிகளாக விரியும். தனியொருவர் வாங்கி வீட்டில் அடுக்குவது கடினம். பொதுநூலகம்தான் பார்வையற்ற வாசகர்களுக்குக் கதி. சட்டமும் தடையில்லை: 2012 பதிப்புரிமைத் திருத்தம் இத்தகைய படிகளுக்கு வழிவிட்டது. பார்வையற்றோருக்கான படிகளுக்கு வழிசெய்ய 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை முதலில் உறுதிசெய்த நாடும் இந்தியாதான். ஜனவரி 4, பிரெய்ல் பிறந்தநாளில், நூலகங்கள் விழா எடுக்கட்டும். அதோடு, முந்தைய ஆண்டு வந்த தமிழ்ப் புத்தகங்களில் சிலவாவது அன்று பிரெய்லில் வெளிவர வேண்டும். ஆசிரியர் கேட்பதும் அதைத்தான்: அவருடைய மாணவர்கள் பேசிக்கொள்ளும் புதிய நாவல்களை அவரும் இப்போதே படிக்க வேண்டுமாம்.