தலைகீழ் வரிசையில் ஜெனிசிஸ்

ஜெனிசிஸ் என்ற ஆங்கிலேய ராக் குழுவைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்துவிடும். 1972இல் 23 நிமிடம் ஓடும் பாட்டை இசைத்தட்டில் ஏற்றிய குழு, 1986இல் வானொலிக்கு ஏற்ற பாப் பாடல்களால் அமெரிக்காவையே வளைத்துப் போட்டது. முதலாவதில் உயிரை வைத்திருந்தவர்கள் இரண்டாவதைத் துரோகம் என்றார்கள், இன்றும் சொல்கிறார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் எப்போதும் ஒருவர்தான்: டிரம்ஸ் வாசிக்க வந்து பாடகராகிவிட்ட ஃபில் காலின்ஸ்.

நான் இந்தக் குழுவைக் கேட்ட வரிசையே வேறு. எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊருக்கு மேற்கத்திய இசை வந்து சேர்ந்தது வளைகுடா வழியாகத்தான். நண்பனின் அண்ணன் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தால் சோப்பு, சென்ட் பாட்டில்களோடு கேசட்டுகளும் வரும். அதில் ஒன்று ‘இன்விசிபிள் டச்’. முதல் பக்கத்தை எல்லோரும் கேட்டோம், எல்லோருக்கும் பிடித்தது. என்னைப் பிடித்து இழுத்தது இரண்டாம் பக்கம். அதில் ‘டாமினோ’ என்று ஒரு பாட்டு. மெதுவாகத் தொடங்கி, நடுவில் அடங்கி, வேறொரு வேகத்தில் மறுபடி எழுந்து 10 நிமிடத்தையும் தாண்டி ஓடும். பக்கம் முடியும்போது குரலே இல்லாத ‘தி பிரேசிலியன்’. கல்யாண வீட்டில் ஒலிபெருக்கியில் போடக்கூடிய பாட்டுகளைச் செய்யத் தெரிந்த ஒரு குழு, அதே கேசட்டில் இதை எதற்காகச் செய்கிறது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். 1983, 1981, 1980 என்று ஆண்டுகள் இறங்க இறங்கப் பாட்டுகள் நீண்டுகொண்டே போயின. எனக்கு ஜெனிசிஸின் கதை ஒரு வீழ்ச்சியாகப் படவே இல்லை. பின்னால் கேட்டதற்கெல்லாம் வேர் முன்னால் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அந்தப் பயணத்தின் உச்சம் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை ஏறக்குறைய முழுவதும் நிறைத்திருக்கும் ‘சப்பர்ஸ் ரெடி’. ஏழு பகுதிகள் கொண்ட பாட்டு. ஆறாவது பகுதியின் பெயரிலேயே தாளக்கணக்கு இருக்கிறது: ‘அபோகலிப்ஸ் இன் 9/8’. காலின்ஸ், பேஸ் வாசிக்கும் மைக் ரதர்ஃபோர்டு, கிடார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாக்கெட் மூவரும் ஒன்பது அடிகளை 3, 2, 4 என்று பிரித்து இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். அடிநாதம் ஒரே இடத்தில் நிற்கிறது. அதன்மேல் டோனி பேங்க்ஸின் ஆர்கன் தன் போக்கில் போகிறது. கீழே நடக்கும் கணக்குக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோலச் சொற்றொடர்களை நீட்டுகிறது, சுருக்குகிறது, சுற்றின் தொடக்கத்தைத் தாண்டிப் போய்த் திரும்புகிறது. கச்சேரியில் தொடையில் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது புரிய விளக்கம் எதுவும் வேண்டாம். தொடையில் 3, 2, 4 போட்டுக்கொண்டு காதை ஆர்கனிடம் கொடுத்தால் போதும். சில சுற்றுகளில் கை ஆட்டம் காணும். அப்படி ஆடாமல் அந்த ஒன்பதைப் பிடித்து நிற்கும் டிரம்ஸ் காலின்ஸுடையது. கூண்டில் நிற்கிறாரே, அவரேதான்.

இன்னும் பின்னால் போனால் பெரிய ஆச்சரியம் ஒன்று காத்திருக்கிறது. இவர்கள் தொடங்கியதே பாப்பில். 1967இல் சர்ரே மாவட்டத்தின் சார்ட்டர்ஹவுஸ் என்ற பணக்காரப் பள்ளியில் பீட்டர் கேப்ரியல், பேங்க்ஸ், ரதர்ஃபோர்டு, ஆன்டனி ஃபிலிப்ஸ் ஆகியோர் சேர்ந்தபோது, பாட்டு எழுதி மற்றவர்கள் பாடக் கொடுப்பதே அவர்களுடைய ஆசை. அதே பள்ளியில் படித்த ஜோனதன் கிங் அவர்களைப் பதிவுக்கு அழைத்துப் போனார். அவருக்கு பீ ஜீஸ் குழுவைப் பிடிக்கும் என்பதற்காகவே அந்தச் சாயலில் எழுதிய பாட்டு ‘தி சைலன்ட் சன்’, 1968இல் வந்தது. 1969இல் வந்த முதல் ஆல்பத்தின் தலைப்பில் பைபிளின் முதல் நூலும் கடைசி நூலும் இருந்ததால், சில கடைகளில் அதைச் சமயப் பாடல்களோடு அடுக்கிவிட்டார்கள் என்று குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். ஆல்பம் விற்கவில்லை. அதற்குப் பிறகுதான் 1969-70 குளிர்காலத்தில் ஒரு கிராமத்துக் குடிலில் அடைந்துகிடந்து, நீண்ட பாட்டுகளை வடிக்கக் கற்றுக்கொண்டார்கள். நீளம் அவர்கள் பிறவியிலேயே கொண்டுவந்ததில்லை, உழைத்துப் பெற்றது. மனதில் நிற்கும் மெட்டு ஒன்றைக் கச்சிதமாகச் செய்யவேண்டும் என்ற ஆசைதான் பிறவி ஆசை. ‘துரோகம்’ என்ற வாதம் இந்த முதல் அத்தியாயத்தை வசதியாக மறந்துவிடுகிறது.

காலின்ஸ் மீதான குற்றச்சாட்டையும் ஆண்டுகளை வைத்துப் பார்க்கவேண்டும். நரித் தலையும் மனைவியின் சிவப்பு உடையுமாக மேடையில் தோன்றிய பாடகர் கேப்ரியல், 1975இல் குழுவை விட்டுப் போனார். வேறு பாடகர்கள் பலரைப் பாடவைத்துப் பார்த்தும் ஒத்துவராமல், காலின்ஸ் பாடினார். 1976இல் வந்த ‘எ டிரிக் ஆஃப் த டெய்ல்’ ஆல்பத்தின் முதல் பாட்டே ஏழு அடித் தாளத்தில் போகிறது. அதே ஆண்டுக் கடைசியில் வந்த ‘விண்ட் அண்ட் வதரிங்’ இன்னும் அடர்த்தியான ஆல்பம். பாடகர் மாறியதும் இசை பாப் ஆகிவிட்டது என்பது நடக்காத கதை.

உண்மையில் நடந்ததை எழுதும் முறையில் தேடவேண்டும். 1977இல் ஹாக்கெட் விலக, மூவர் மிஞ்சினார்கள். 1978இல் ‘ஃபாலோ யூ ஃபாலோ மீ’ என்ற எளிய காதல் பாட்டு பிரிட்டனில் 7ஆம் இடத்துக்குப் போனது. பெரும்பாலும் ஆண்களே நிறைந்திருந்த அவர்களுடைய கச்சேரிகளுக்குப் பெண்களும் வரத் தொடங்கினார்கள். அடுத்து காலின்ஸின் திருமண வாழ்க்கை நொறுங்கியது. அதைக் காப்பாற்ற அவர் கனடாவின் வான்கூவருக்குப் போனார், முடியவில்லை. அவர் இல்லாத நாட்களில் பேங்க்ஸும் ரதர்ஃபோர்டும் ஆளுக்கொரு தனி ஆல்பம் செய்தார்கள். கையிருப்பில் இருந்த நீண்ட இசைத் திட்டங்களில் பெரும்பகுதி அங்கே செலவாகிவிட்டது. திரும்பிவந்த காலின்ஸோ வீட்டில் தனியாக உட்கார்ந்து, பியானோவும் தாளப் பெட்டியுமாகத் தன் வலியை நேரடியாகப் பாட்டாக்கிக்கொண்டிருந்தார். 1979 இறுதியில் அந்த வீட்டிலேயே மூவரும் கூடினார்கள். ஒருவர் எழுதிவந்ததை மற்றவர்கள் வாசிப்பது என்ற பழைய முறை தளர்ந்தது. மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்து, வாசிக்க வாசிக்கப் பாட்டைக் கண்டுபிடிக்கும் முறை வந்தது. 1983 ஆல்பத்துக்கு வரும்போது எல்லாப் பாட்டுக்கும் மூவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். அப்படிப் பிறக்கும் இசையில் இடைவெளி அதிகம், சுற்றி வரும் சின்ன வட்டங்கள் அதிகம். பேங்க்ஸின் பழைய கட்டடக்கலைக்கு இடம் குறைவு. பணத்தாசை என்ற ஒரு சொல்லில் இதை முடித்துவிடுவது இந்த மூவரின் உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

அந்த வீட்டில் பிறந்து, ஸ்டாக்ஹோமில் ஆபா குழுவினரின் போலார் ஸ்டூடியோவில் பதிவான ஆல்பம் ‘ட்யூக்’ (1980). எனக்கு ஜெனிசிஸ் என்றால் அதுதான். பிரிட்டனில் அவர்கள் முதல் இடத்தைப் பிடித்த முதல் ஆல்பமும் அதுவே. அதிலுள்ள ‘டர்ன் இட் ஆன் அகெய்ன்’ நான்கு நிமிடத்துக்குள் முடியும் பாட்டு, பிரிட்டனில் 8ஆம் இடம் பிடித்த பாட்டு, வானொலியில் ஓயாமல் ஒலித்த பாட்டு. ரதர்ஃபோர்டிடம் மிஞ்சியிருந்த ஒரு துண்டையும் பேங்க்ஸிடம் மிஞ்சியிருந்த ஒரு துண்டையும் ஒட்டி, வேகத்தைக் கூட்டிச் செய்தது. கேட்டால் நேரான ராக் பாட்டுபோலவே இருக்கும். கையைத் தட்டிப் பாருங்கள். நான்கு நான்காக மூன்று முறை தட்டி முடித்தால் ஓர் அடி மிச்சம் நிற்கும். அடுத்த சுற்றில் உங்கள் கை ஓர் அடி தள்ளி விழும். பாட்டு 13 அடிகளில் சுற்றுகிறது. ‘சப்பர்ஸ் ரெடி’யில் 9/8 என்று தலைப்பிலேயே அறிவித்தவர்கள், இங்கே 13ஐ வாய்திறக்காமல் வைத்திருக்கிறார்கள். பாட்டை முணுமுணுத்த லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்? எண்ணத் தேவையில்லாதபடி அதைச் செய்ததில்தான் அவர்கள் தேர்ச்சி இருக்கிறது. கடினத்தைக் கடினமாகக் காட்டுவதைவிட இது மேலான வித்தை என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு ‘அபகாப்’. A, B, C என்று பாட்டின் பகுதிகளுக்குப் போட்டிருந்த அடையாளங்களின் வரிசையே தலைப்பானது. ஒரு பாட்டுக்கு எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் ஊதுகுழல் கலைஞர்கள் வந்து வாசித்தார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் புதுப் பாட்டுகளுக்குக் கூட்டம் கூச்சலிட்டது. தங்களை ஆளாக்கிய ரசிகர்களின் எதிர்ப்பை நேருக்கு நேர் வாங்கிக்கொண்டு, அதே பாட்டுகளைத் தொடர்ந்து வாசிக்க நெஞ்சுரம் வேண்டும். பயந்தவர்கள் பழையதற்குத்தான் திரும்பியிருப்பார்கள்.

எண்பதுகளின் பாப் என்றாலே காதில் விழும் அந்த டிரம்ஸ் ஒலி எங்கே பிறந்தது என்பதையும் சொல்லவேண்டும். அடி விழுந்ததும் அறையின் எதிரொலி பூதாகாரமாக எழும். அடங்குவதற்கு முன்பே கத்தரித்ததுபோல் நின்றுவிடும். லண்டனின் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில், அறைக்குள் இருப்பவர்கள் பேசுவது கட்டுப்பாட்டு அறையில் கேட்பதற்காகத் தொங்கவிட்டிருந்த மைக் வழியாக டிரம்ஸ் ஒலி நசுங்கி, பெரிதாகிக் கேட்டது. ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்காம் அதைப் பிடித்துக்கொண்டார். வாசித்தவர் காலின்ஸ். பதிவானதோ கேப்ரியலின் 1980 தனி ஆல்பத்தின் ‘இன்ட்ரூடர்’. சிம்பல்களே வேண்டாம் என்று சொல்லி அந்த ஒலிக்கு இடம் செய்துகொடுத்தவரும் கேப்ரியல். அங்கிருந்து அது காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’ பாட்டுக்குப் போய், பிறகு உலகமெங்கும் பரவியது. கலைஞர் கேப்ரியல், வியாபாரி காலின்ஸ் என்று பிரித்துவைத்திருப்பவர்கள் இந்த அறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்க்கவேண்டும்.

1986 ஜூலையில் அமெரிக்கப் பட்டியலின் முதல் இடத்துக்கு ‘இன்விசிபிள் டச்’ பாட்டு வந்தது. குழுவுக்கு அங்கே கிடைத்த ஒரே முதலிடம் அது. அதை இறக்கிவிட்டு முதலிடத்தில் ஏறியது கேப்ரியலின் ‘ஸ்லெட்ஜ்ஹேமர்’! அதே ஆண்டில் ஹாக்கெட்டும் ஜிடிஆர் என்ற குழுவோடு அமெரிக்காவின் முதல் இருபதுக்குள் வந்தார். ஒரே மரத்திலிருந்து பிரிந்த எல்லாக் கிளைகளும் ஒரே பருவத்தில் ஒரே பக்கம் சாய்ந்தன என்றால், காற்று எங்கிருந்து அடித்தது என்றுதான் கேட்கவேண்டும். பங்க் வந்து நீண்ட பாட்டுகளைக் கேலிப்பொருளாக்கியிருந்தது. 1981இல் எம்டிவி வந்து மூன்று, நான்கு நிமிடங்களுக்குள் பாட்டு ஒரு காட்சியாகவும் இருக்கவேண்டும் என்றாக்கியது. இவர்களைப்போலவே நீண்ட பாட்டுகள் செய்துவந்த யெஸ் குழுவும் அந்த வழியே போய் முதலிடம் பிடித்தது.

அவர்களுக்குள் பகை இருந்ததாகவும் நினைக்க இடமில்லை. 1982இல் கேப்ரியல் முன்னின்று தொடங்கிய வோமாட் இசை விழா பெருங்கடனில் மூழ்கியபோது, ஜெனிசிஸ் அவரோடு சேர்ந்து அக்டோபர் 2 அன்று மில்டன் கீன்ஸ் மைதானத்தில், கொட்டும் மழையில், பழைய பாட்டுகளை வாசித்துக் கடனை அடைக்க உதவியது. கடைசிப் பாட்டுகளுக்கு ஹாக்கெட்டும் வந்து சேர்ந்தார்.

இழப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ பாட்டில் ஹாக்கெட்டின் கிடார் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்கும் இடம், அடுத்த சுரத்துக்கு அவசரமே இல்லாத அந்த நிதானம், பிறகு வந்த ஆல்பங்களில் கிடைக்கவில்லை. ‘இன் டூ டீப்’ போன்ற பாட்டுகளை நான் தேடிப் போய்க் கேட்பதும் இல்லை. 1991இல் வந்த ‘வீ கான்ட் டான்ஸ்’ ஆல்பத்தில் பழக்கம் அதிகம், தேடல் குறைவு. ஆனால் இதற்கெல்லாம் காரணம் பாப் என்பதை ஏற்கமாட்டேன். ‘ட்யூக்’கும் பாப்தானே!

ஜெனிசிஸை எங்கிருந்து தொடங்குவது என்று இளைஞர்கள் யாராவது கேட்டால் ‘ட்யூக்’கைத்தான் கொடுப்பேன், ஆனால் இசைத்தட்டில் இருக்கும் வரிசையில் இல்லை. அதன் ஆறு துண்டுகளை முதலில் அரை மணி நேரத்துக்கு நெருங்கிய ஒரே தொடர்பாட்டாகத்தான் செய்திருந்தார்கள். ‘சப்பர்ஸ் ரெடி’யோடு ஒப்பிடுவார்களே என்று பிரித்து, ஆல்பம் முழுக்கத் தூவிவிட்டார்கள், 1980 மேடைகளில் மட்டும் சேர்த்து வாசித்தார்கள். இன்று கைப்பேசியிலேயே அதைச் சேர்த்துவிடலாம்: ‘பிஹைண்ட் த லைன்ஸ்’, ‘டச்சஸ்’, ‘கைட் வோகல்’, ‘டர்ன் இட் ஆன் அகெய்ன்’, ‘ட்யூக்ஸ் டிராவல்ஸ்’, ‘ட்யூக்ஸ் எண்ட்’. ஐந்தாவது துண்டின் பேரிரைச்சலுக்கு நடுவே ‘கைட் வோகல்’ மெட்டு திரும்பவும் வரும். முதலில் கேட்டபோது அது அடங்கிய குரலில் இருந்தது, இப்போது காலின்ஸ் அதைத் தொண்டை கிழியப் பாடுவார். ஆறாவதில் தொடக்கத்து ராகம் முழு வேகத்தோடு திரும்பி வந்து கதவை அடைக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிடாமல், அடுத்து ‘ஃபாக்ஸ்ட்ராட்’டின் இரண்டாம் பக்கத்தைப் போடச் சொல்வேன்.